நீலகிரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: பாதையைத் தேர்வது முதல் பட்டியலை அனுப்புவது வரை

கணக்கெடுப்புக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை இனம் பார்க்கணும்?" என்பதுதான். எத்தனை கண்ணில் பட்டாலும் சரி. எங்கே நடந்தோம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர், அடையாளம் தெரிந்ததையெல்லாம் விடாமல் எழுதினோமா என்ற ஐந்து கேள்விகளுக்கும் நேர்மையான பதில் இருந்தால், கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் பதினோரு இனம் மட்டும் பதிந்த பட்டியலும் பத்து வருடம் கழித்து உதவும். அந்த ஐந்தும் இல்லாத எழுபது இனப் பட்டியலை அடுத்த வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் இந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரி நடுவில் வரும் நான்கு நாள் உலகளாவிய கணக்கெடுப்பு 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது. இந்தியா 2013 முதல் அதில் சேர்ந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மூத்தது 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஃபிராங்க் சாப்மன் அமெரிக்காவில் தொடங்கிய எண்ணிக்கை. பொங்கலுக்கும் பிப்ரவரிக்கும் முறை ஒன்றுதான்: குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியலாக ஏற்ற வேண்டும்.

நீலகிரிக்கு ஜனவரி நடுப்பகுதி நல்ல பொருத்தமான காலம். செப்டம்பர், அக்டோபரில் வந்திறங்கும் வலசைப் பறவைகள் அதற்குள் தத்தம் குளிர்கால இடங்களில் நிலைத்துவிடும். மார்ச், ஏப்ரலில்தான் திரும்பக் கிளம்பும். இடையில் வழிப்போக்காக வந்து போகும் பறவைகள் குறைவு. அதனால் இன்று ஓடையோரம் பார்த்த பறவை நாளையும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். எண்ணிக்கைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

முதல் படி: பாதை

கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பே பாதையை நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு பட்டியலுக்கு 1 முதல் 2 கி.மீ. நீளமும் ஒரு மணி நேரமும் போதும். அதற்கு மேல் நீண்டால் தேயிலை, சோலை, ஊர் எல்லாம் ஒரே பட்டியலில் கலந்துவிடும். எந்தப் பறவை எந்தச் சூழலில் இருந்தது என்பது பிறகு யாருக்கும் தெரியாது. சூழல் மாறும் இடத்தில் பழைய பட்டியலை முடித்துப் புதியதைத் தொடங்குங்கள்.

மூன்று வகைப் பாதை இருந்தால் நல்லது: தேயிலைத் தோட்டத்துக்குள் ஒன்று, சோலை ஓரமாக ஒன்று, ஊருக்குள் ஒன்று. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மார்க்கெட், பேருந்து நிலையம், ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களின் வீட்டு முற்றங்கள் இவற்றில்தான் சிட்டுக்குருவியும் காட்டு மைனாவும் மாடப்புறாவும் இருக்கின்றன. லாங்வுட் சோலைக்குப் போகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால், கோத்தகிரி மார்க்கெட்டில் பதினைந்து நிமிடம் நின்று எண்ண ஒருவர் இருப்பதில்லை. சிட்டுக்குருவி குறைந்ததா கூடியதா என்று கேட்டால் விடை சொல்ல அந்த ஒருவர்தான் வேண்டும்.

லாங்வுட் சோலை 2024இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த காடு. அதற்குள்ளோ வேறு எந்தக் காப்புக்காட்டுக்குள்ளோ போக வனத்துறை அனுமதி வேண்டும். குழுவினர் பெயர்ப் பட்டியலோடு எழுத்தில் கேளுங்கள், விடுமுறைக்கு முன்பே கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் காட்டை ஒட்டிய பொதுச்சாலையே போதும், எண்ணிக்கையின் தரம் அதனால் குறையாது. எஸ்டேட்டுக்குள் நடக்க மேலாளரிடம் சொல்லுங்கள். எந்த வயலில் மருந்தடிக்கிறார்கள், எந்த வயலில் கொழுந்து பறிக்கிறார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மருந்தடித்த வயல் வழியாகப் போகக் கூடாது. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். காட்டுமாடு காலையில் எந்தப் பக்கம் நின்றது, கரடி எந்த ஓடைவழியாக இறங்கியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பைனாகுலரில் மரக்கிளையைப் பார்த்தபடி நடப்பவருக்கு இருபது அடி முன்னால் தேயிலைக்குள் நிற்கும் காட்டுமாடு தெரியாது. நடக்கும்போது பைனாகுலர் கழுத்தில் தொங்கட்டும், பார்க்கும்போது நின்று பாருங்கள். நன்றாக வெளிச்சம் வராமல் பாதையில் இறங்கக் கூடாது. குஞ்சப்பனை, மசினகுடி போன்ற தாழ்ந்த பக்கங்களில் யானை உண்டு. அங்கே உள்ளூர்க்காரர் துணையில்லாமல் நடப்பது சரியல்ல.

வெளி மாவட்டத்திலிருந்து வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

இரண்டாம் படி: ஆளும் சாமானும்

ஒரு குழுவுக்கு மூன்று பேர் சிறப்பு, நான்கு பேர் தாங்கும். ஐந்துக்கு மேல் போனால் பேச்சும் காலடிச் சத்தமும் பறவையை விரட்டிவிடும். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இருவர் பார்ப்பார்கள், ஒருவர் எழுதுவார். எழுதுபவர் எழுத மட்டுமே வேண்டும். அவரும் பைனாகுலரைத் தூக்கினால் அந்த இரண்டு நிமிடத்தில் சொன்ன எண்கள் காணாமல் போகும். பாதைக்குப் பாதை வேலையை மாற்றிக்கொண்டால் யாருக்கும் குறையிருக்காது.

பைனாகுலர் 8×42 போதும், அதாவது 8 மடங்கு பெரிதாக்கமும் 42 மி.மீ. முன்வில்லையும். சோலையின் அரையிருட்டில் 10×42ஐவிட இதுதான் உதவும். 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., 10ஆல் வகுத்தால் 4.2 மி.மீ. விடியற்காலையில் இந்த வித்தியாசம் கறுப்பு உருவத்துக்கும் நிறம் தெரியும் பறவைக்கும் உள்ள வித்தியாசம். 8 மடங்கில் பார்வைப் பரப்பும் பொதுவாக அகலம், கையாட்டமும் குறைவு. மஃப்ளரை மூக்கு வரை இழுத்துக் கட்டினால் மூச்சு மேலே ஏறிக் கண்வில்லையில் படியும். மூக்குக்குக் கீழே கட்டுங்கள். குளிரில் கிடந்த பைனாகுலரோடு டீக்கடைக்குள் நுழைந்தால் உடனே பனி பூக்கும், பைக்குள் வைத்தே எடுத்துப் போங்கள்.

செல்போன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். உறைபனிக் காலையில் பேட்டரி வேகமாக இறங்கும். முந்தைய நாளே வீட்டில் இணைய வசதி இருக்கும்போது இ-பேர்ட் செயலியில் நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை இறக்கிவையுங்கள். அவலாஞ்சி, எமரால்டு பக்கம் சிக்னல் தேடி நிற்க வேண்டியிருக்காது. கூடவே சின்ன நோட்டும் பென்சிலும். பேனா மை பனியில் கரையும்.

மூன்றாம் படி: தொடங்கும் நேரம்

ஜனவரி நடுவில் இங்கே சூரியன் 6.45 வாக்கில் எழும். ஆனால் ஊட்டி, தலைக்குந்தா போன்ற பள்ளத்தாக்குகளில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது பறவைகள் சீக்கிரம் வெளிவருவதில்லை. கிழக்கு பார்த்த சரிவில் முதல் வெயில் விழும் இடத்தைத் தேடுங்கள். அங்கே பூச்சி எழும், பூச்சிக்குப் பின்னால் ஈப்பிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் வரும். 7.15க்குத் தொடங்கி 9.30க்குள் முடிப்பது நல்ல கணக்கு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அரைமணி முன்னால் தொடங்கலாம்.

மூடுபனி இறங்கினால் நிறுத்த வேண்டியதில்லை. "7.50 வரை மூடுபனி, பார்வை சுமார் 40 மீட்டர்" என்று குறிப்பில் எழுதிவிட்டுத் தொடருங்கள். குறைந்த எண்ணிக்கைக்குக் காரணம் பறவை இல்லாததா, பார்வை இல்லாததா என்று படிப்பவர் புரிந்துகொள்வார். நான்கு நாளும் ஒரே பாதையை ஒரே நேரத்தில் நடக்க முடிந்தால், நாலு புதிய இடங்களைப் பார்ப்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

நான்காம் படி: எண்ணுவது

தனியாகத் திரியும் பறவையை எண்ணுவது எளிது என்று தோன்றும். சாம்பல் வாலாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கரையிலோ சாலையோர வடிகாலிலோ ஒற்றையாக நிற்கும். முதுகு சாம்பல், வாலடி எலுமிச்சை மஞ்சள், நின்ற இடத்திலேயே வால் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். நெருங்கினால் "ச்சிசிக்" என்று கத்திவிட்டு, அலைபோல் ஏறி இறங்கிப் பறந்து, அதே வடிகாலில் முப்பது மீட்டர் முன்னால் இறங்கும். மறுபடி நெருங்கினால் மறுபடியும் அப்படியே. மூன்று முறை எழுப்பிவிட்டு "மூன்று" என்று எழுதுவது மலைச்சாலையில் வழக்கமாக நடக்கும் பிழை. குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு துண்டு ஓடையைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளும். அதன் எல்லை வந்ததும் வட்டமடித்து உங்களைத் தாண்டிப் பின்னால் திரும்பிவிடும். அது திரும்பிய பிறகு முன்னால் இன்னொன்று எழுந்தால்தான் இரண்டு.

இதே காரணத்துக்காகத்தான் போன வழியே திரும்பி வரும்போது மறுபடி எண்ணக் கூடாது. போகும்போது இல்லாத இனம் வந்தால் சேர்க்கலாம். ஏற்கெனவே எழுதிய இனம் என்றால், நிச்சயமாக வேறு பறவைதான் என்று தெரிந்தால் மட்டும் சேருங்கள்.

கூட்டத்துக்கு வருவோம். சோலை ஓரத்தில் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லாமல் இருக்கும். பிறகு மெல்லிய "சீ... சீ" சத்தத்தோடு வெள்ளைக்கண்ணிகள் வரும். அவற்றோடு சாம்பல் சிட்டு, சாம்பல்தலை ஈப்பிடிப்பான், மரத்தண்டில் தலைகீழாக இறங்கும் நீலநிறக் குருவி, இரண்டு மூன்று கதிர்க்குருவி எல்லாம் ஒரே வீச்சில் மரத்துக்கு மரம் தாவிப் போகும். கலப்புக் கூட்டம் என்பது இதைத்தான். மொத்தக் கூட்டத்தையும் ஒரே மரத்தில் எண்ணப் பார்த்தால் தோற்றுப்போவீர்கள், இலைக்குள் அவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே வானம் தெரியும் இடைவெளி ஒன்றைப் பிடியுங்கள். பறவைகள் அதை ஒவ்வொன்றாகத் தாண்டும். ஒருவர் இடைவெளியைத் தாண்டும் வெள்ளைக்கண்ணியை மட்டும் எண்ணட்டும், இன்னொருவர் மற்ற இனங்களைப் பெயர் சொல்லி அழைக்கட்டும், மூன்றாமவர் கோடு போடட்டும். வேகம் கூடினால் முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கி, அதே அளவில் அடுத்தடுத்த பத்துகளைச் சேருங்கள். கூட்டம் போன பிறகு பின்தொடர வேண்டாம். அடுத்த வளைவில் அதே கூட்டம் மறுபடி எதிரே வரும், புதுக்கூட்டம் என்று தோன்றும்.

நீலகிரி சிரிப்பான் வேறு விதமான சிக்கல். ஒன்று தொடங்கினால் நாலைந்து சேர்ந்து சிரிக்கும், குரலை வைத்து எண்ணிக்கை சொல்லவே முடியாது. குரல் மட்டும் கேட்டால், குறைந்தது இத்தனை என்று காது உறுதியாகச் சொல்லும் எண்ணை எழுதுங்கள். பெரும்பாலும் அது 2 தான். பிறகு அவை பாதையின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தாழப் பறக்கும்போது எண்ணுங்கள். கடைசிப் பறவை தயங்கி நிற்கும். முதல் நாலு போனதும் தலையைத் திருப்பிவிடாதீர்கள்.

காட்டு மைனாக்கள் மாலையில் அடையும் மரத்தில் உள்ளே இருப்பதை எண்ண இயலாது. வந்து சேரும் திசைகளைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையாக 5.30லிருந்து இருட்டும் வரை வரும் கூட்டங்களை மட்டும் எண்ணுங்கள். ஏரிகளில் பனி விலகும்வரை காத்திருங்கள். முக்குளிப்பான் மூழ்கி வேறிடத்தில் எழும் என்பதால் கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மூன்று முறை பார்வையால் கடந்து, கிடைத்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் நோட்டு இப்படி இருந்தால் போதும்:

ஜன. 15, காலை 7.20–8.15, 1.1 கி.மீ., 3 பேர், 7.50 வரை மூடுபனி
செம்மீசைச் சின்னான் 3+2+6+1+4 = 16
சாம்பல் வாலாட்டி 1+1 = 2
வெள்ளைக்கண்ணி 10+10+10(தோராயம்)+4 = 34
நீலகிரி சிரிப்பான் 4, வேறிடத்தில் குரல் 2 = 6
இலைக் கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை 3

கடைசி வரியைக் கவனியுங்கள். அதை எழுதக் கூச்சப்படுபவர்கள்தான் தவறான பெயரை எழுதுகிறார்கள்.

பெயர் வைப்பதில் தடுமாறும் இடங்கள்

குளிர்கால நீலகிரியில் பச்சைநிறச் சின்னக் கதிர்க்குருவிகள் பல இனம். கண்ணால் மட்டும் பிரிப்பது அனுபவசாலிக்கே கடினம், காதுதான் வழி. கிரீனிஷ் வார்ப்ளரின் குரல் இரண்டு அசை, "ச்சி-வீ". கிரீன் வார்ப்ளர் நடுவில் ஓர் அசை சேர்த்து மூன்றாகச் சொல்லும், அடிப்பகுதியில் மஞ்சளும் கூடுதல். லார்ஜ்-பில்டு வார்ப்ளரின் குரல் சீட்டியடித்ததுபோல் உரத்து, இரண்டாம் அசையில் மேலேறும். டிக்கெல் வார்ப்ளருக்கு இறக்கைப் பட்டை கிடையாது, வயிறு நல்ல மஞ்சள். புதருக்குள் கல்லோடு கல் தட்டியதுபோல் "டக்... டக்" என்றால் அது பழுப்புநிற பிளித் நாணல் கதிர்க்குருவி. பறவை வாய் திறக்கவே இல்லையென்றால் "கிரீன் அல்லது கிரீனிஷ்" என்ற கூட்டுப்பெயரையோ பொதுவாக "இலைக் கதிர்க்குருவி" என்பதையோ எடுங்கள். இ-பேர்டில் இரண்டுக்கும் இடம் உண்டு.

காஷ்மீர் ஈப்பிடிப்பான் காஷ்மீர்ப் பக்கத்தில் கூடு கட்டி, குளிர்காலத்தில் நம் ஊட்டி, குன்னூர் மரத்தோப்புகளுக்கும் இலங்கைக்கும் வரும் அரிய பறவை. ஆணுக்குக் கழுத்திலிருந்து வயிறு நோக்கி இறங்கும் செம்மையின் இருபுறமும் கறுப்புக் கரை இருக்கும். அந்தக் கரையைப் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள்.

உள்ளூர்ப் பறவைகளில் இன்னொரு குழப்பம் புத்தகத்தால் வருகிறது. சுமார் 30–40 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் மலைப்பறவைகளை வடக்கு, தெற்கு என்று பிரித்திருக்கிறது. கணவாய்க்கு வடக்கே நமக்கு நீலகிரி சிரிப்பானும் நீலகிரி சோலைக்கிளியும். தெற்கே கொடைக்கானலில் பழனி சிரிப்பானும் வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளியும். செயலியில் அவசரமாக விரல் வைத்துக் கோத்தகிரியில் பழனி சிரிப்பானைப் பதிந்தால் திருப்பிக் கேட்பார்கள். சோலைக்கிளியைப் பெயர் பார்த்துக் கிளி என்று நினைக்க வேண்டாம், மலையாளத்தில் சிறு பறவைகளையும் கிளி என்பார்கள். தரையோரம் நிழலில் திரியும் நீலநிறச் சிறு பறவை அது. விடியலிலும் அந்தியிலும் பாதையில் வந்து நிற்கும்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதி செய்யாமல் பட்டியலில் ஏற்ற வேண்டாம். பறவையை வெளியே வரவழைக்கச் செல்போனில் அதன் குரலை ஒலிபரப்புவது கூடவே கூடாது. இரவெல்லாம் குளிரில் உடம்புச் சூட்டைச் செலவழித்த பறவை, காலையில் இரை தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியோடு சண்டைக்கு வந்து நிற்கும். எண்ணிக்கையும் கெடும், இழுத்து வந்த பறவை அந்த இடத்துப் பறவையாகப் பதிவாகும்.

ஐந்தாம் படி: பட்டியலை அனுப்புவது

நடை தொடங்கும் இடத்திலேயே செயலியில் பட்டியலைத் தொடங்குங்கள், முடித்த இடத்திலேயே நிறுத்துங்கள். மறந்து வண்டியில் ஏறிவிட்டால் எட்டு கிலோமீட்டர் நடந்ததாகக் காட்டும். அனுப்பும் முன் தூரத்தைக் கட்டாயம் பாருங்கள். போன வழியே திரும்பி வந்திருந்தால் ஒருவழித் தூரத்தை மட்டும் வையுங்கள். நேரம் மட்டும் முழுதாக இருக்கலாம். ஆழமான பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் கோடு அங்குமிங்கும் குதித்துத் தூரத்தைக் கூட்டிக் காட்டும், அதையும் கையால் திருத்துங்கள். ஓரிடத்தில் 30 மீட்டருக்குள்ளேயே நின்றிருந்தால் நின்று பார்த்ததாகத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வரும் கேள்விதான் முக்கியமானது: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா? காகத்தையும் சின்னானையும் விடாமல் எழுதியிருந்தால் "ஆம்". அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை அன்று தென்படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். காகம் எதற்கு என்று விட்டிருந்தால் "இல்லை" என்று சொல்வதே நியாயம். எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் குறி போடுவதைத் தவிருங்கள், தோராயமான எண் அதைவிட நூறு மடங்கு மேல்.

குழுவுக்கு ஒரே பட்டியல் போதும். எழுதியவர் அனுப்பிவிட்டு மற்றவர்களோடு பகிரட்டும். மூன்று பேரும் தனித்தனியாக ஏற்றினால் 34 வெள்ளைக்கண்ணி 102 ஆகிவிடும். அன்று மாலைக்குள் நோட்டையும் செயலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், மறுநாள் ஆனால் 16 எது, 6 எது என்று மறந்துபோகும்.

எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமாகவோ இனம் அரியதாகவோ இருந்தால் செயலி விவரம் கேட்கும். "நன்றாகப் பார்த்தோம்" என்று எழுதினால் பயனில்லை. எத்தனை மீட்டர் தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எந்த அடையாளத்தைப் பார்த்தீர்கள், ஒத்த இனம் இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். மங்கலான படமும் உதவும். குரலென்றால் செல்போனைப் பறவை பக்கம் திருப்பி, ஒலிவாங்கியில் விரல் படாமல், யாரும் பேசாமல் முப்பது விநாடி பதியுங்கள். சில நாள் கழித்துச் சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து கடிதம் வரலாம். சந்தேகம் உங்கள் பதிவின் மேல்தான், உங்கள் மேல் அல்ல. நோட்டைப் பார்த்துப் பதில் எழுதுங்கள், உறுதியில்லையென்றால் பொதுப்பெயராக மாற்றிவிடுங்கள். அதனால் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதன் கடைசிப் பக்கத்தில் பாதை தொடங்கிய இடத்தின் மின்கம்ப எண்ணையும் முடிந்த இடத்துச் சிறுபாலத்தையும் (கல்வெர்ட்) குறித்துவையுங்கள். அடுத்த தை மாதம் வேறொருவர் நடந்தாலும் அதே 1.1 கிலோமீட்டரை நடப்பார்.